சிமிழ்ச் சாமிக்கு வந்த வழக்கு

எங்கள் ஊர்ச் சாமியைக் கோழி எலும்பு என்று சொன்னவர்களை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்றால் முதலில் நாக்கு நுனிக்கு வருவது அந்தக் கோபம்தான். சொல்லிவிட்டு, மன்னிப்பும் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து மறுபடியும் கோபப்படுவேன்.

மோகனூருக்குக் கிழக்கே, வாய்க்கால் தண்ணீர் வருஷத்தில் பாதி நாள் எட்டிப் பார்க்கும் இடத்தில் நாற்பது வீட்டுத் தெரு எங்களுடையது. நாற்பதும் வேதக்கார வீடுகள். ஆணும் பெண்ணும் வேலைக்குப் போவது பெரிய வீட்டுப் பண்ணையத்துக்கு. தெரு முனையில் ஓலை வேய்ந்த கோயில். அதற்கு என் அப்பா கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். சாமியார் வருஷத்தில் பத்து ஞாயிறு வந்தால் அதிகம் என்பதால், அந்தத் தெருவில் சேசுநாதருக்கு அடுத்தபடி அப்பா என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பித்தளைச் சிமிழ். வெள்ளி ரூபாய் அகலம்தான் இருக்கும். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்புப் பட்டு, பட்டின்மேல் அரிசி அளவு எலும்புத் துணுக்கு. துணுக்குக்குக் கீழே ஒரு பொடிக் காகிதத்தில் என்னவோ எழுதி அது பழுத்துக் கறுத்துப் போயிருந்தது. பின்பக்கம் நூல் கட்டி அரக்கு முத்திரை. இதைச் சாமியார்கள் அருளிக்கம் என்பார்கள். அர்ச்சியசிஷ்டர் என்றால் புனிதர்; அப்படி ஒருவருடைய உடம்பின் சிறு பகுதி. எங்களுக்கு அது சிமிழ்ச் சாமி.

நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் பிளேக் வந்தபோது, ஊர் ஊராக அலைந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரச் சாமியார் இதை என் அப்பாரு கையில், அதாவது அப்பாவின் அப்பா கையில், கொடுத்தாராம். இது பிளேக்கை விரட்டும் அர்ச்சியசிஷ்டரின் எலும்பு, இதைக் கைவிட்டு இறக்காதே, இதோடு வந்த பத்திரத்தையும் தொலைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனவர், அதே மாதம் அதே நோயில் செத்துப்போனார். பிளேக்கை விரட்டுகிறவர் என்றால் எங்கள் பக்கத்தில் செபஸ்தியார். அம்பு தைத்த மார்போடு நிற்கும் அவருடைய சுரூபத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்பாரு சிமிழை ஏந்திக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். சுற்றுவட்டாரமே ஊரைக் காலிசெய்துவிட்டுக் காடுகளில் குடிசை போட்டுக் கிடந்த காலத்தில், எங்கள் நாற்பது வீட்டில் ஒரு சாவு விழவில்லை.

அன்றிலிருந்து தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் தெருவில் செபஸ்தியார் நோம்பி, ஊர்த் திருவிழா. கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளைச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் ஓட்டிவருவார்கள். வேதக்காரர்களா இல்லையா என்று மாடுகளை யாரும் கேட்பதில்லை. சிமிழ் நனைத்த தண்ணீரைத் தெளித்துவிட்டால் அந்த வருஷம் மாட்டுக்குச் சீக்கு இல்லை என்று நம்பினார்கள். முதல் ஜோடி பெரிய வீட்டிலிருந்து வரும்.

இது ஒருவருக்குப் பிடிக்கவில்லை. சாமியார் குடியிருக்கும் பங்குத் தலைமையூரின் நாட்டாண்மை. அவர்கள் ஊர்க் கோயிலுக்கு ஓட்டுக் கூரை உண்டு, இரண்டு மணி உண்டு, நோம்பிக்குக் கூட்டம் மட்டும் இல்லை. அவர்தான் முதலில், "அது எலும்புதான். எந்தக் கோழியோடதுன்னுதான் தெரியல" என்று சொன்னவர். அதை அவர் ஊர்ப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஞானோபதேச வகுப்புக்கு நான் போனால் பின்னாலிருந்து "கெக்கெக்கே" என்று ஒரு சத்தம் வரும். அது வளர்ந்து எங்கள் பிஷப்பான மேற்றிராணியாருக்கு மனுவாகப் போனது. மெய்யானதுதான் என்று சான்று சொல்லும் பத்திரம் இல்லாத அருளிக்கத்தை வணக்கத்துக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். ஒரு பெரிய சாமியார் வந்து விசாரிப்பார், பத்திரம் காட்டாவிட்டால் சிமிழைக் கையோடு எடுத்துப் போய்விடுவார் என்று தாக்கீது வந்தது. அப்புறம் நோம்பி ஏது, மாடு ஏது, அப்பா கையில் கோயில் சாவி ஏது.

பங்குச் சாமியார் கேட்டபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கரையான் தின்னுபோட்டுதுங்க சாமி" என்றார்.

அந்த நாட்களில் ஊரே செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, நான் மட்டும் வேறொரு காரியம் செய்தேன். வீட்டில் அபூர்வமாகக் கோழி அடித்த ஒரு நாள், என் பங்குக்கு வந்த எலும்பில் ஒரு துணுக்கைக் கடித்துடைத்துக் கழுவிக் காயவைத்தேன். சனிக்கிழமை அப்பா சிமிழைத் துடைக்கும்போது பிடித்துக்கொள்வது நான்தான். அப்பா துணி அலசப் போன நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே வெளுப்பு, அதே ஓட்டை, அதே சொரசொரப்பு. ஒன்பது வயதில் எனக்கு வந்த முதல் பெரிய பயம் அதுதான். துணுக்கைக் கள்ளிப் புதருக்குள் வீசிவிட்டு ஓடிவந்தேன்.

பெரிய சாமியார் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாட்டுவண்டியில் வந்தார். பிரெஞ்சுக்காரர். மார்பு வரைக்கும் வெள்ளைத் தாடி. புத்தகத்தில் இருப்பது போலத் தமிழ் பேசினார். அன்று சாயங்காலமே பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். என் முறை வந்தது.

"சாமி, நானு கோழி எலும்ப வெச்சுப் பாத்தேனுங்க."

"எதனோடு, மகளே?"

"சிமிழ்ச் சாமியோடங்க."

தட்டிக்கு அந்தப்பக்கம் சாமியார் காதை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு, "என்ன முடிவுக்கு வந்தாய்?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்குதுங்க சாமி." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எலும்பைப் பார்த்தால் எனக்கும் ஒன்றும் தெரியாது, மகளே. அதனால்தான் காகிதம் கேட்கிறேன்" என்றார். மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சிரித்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

மந்திரத்தை வழியிலேயே சொல்லி முடித்துக்கொண்டு பெரிய வீட்டுக்கு மோர் வாங்கப் போனேன். எங்கள் ஆட்கள் கட்டுத்தரை வரைக்கும்தான் போகலாம். மாடு கட்டும் அந்த இடத்தில் நின்று குரல் கொடுத்தால், பெரிய வீட்டு ஆத்தா சொம்போடு வந்து தன் கை என் சட்டியில் படாதபடி உயரத்திலிருந்து மோரை ஊற்றுவார். ஒரு சொட்டுச் சிந்தாது. அதில் அவருக்கு அவ்வளவு பழக்கம், எனக்கும்தான்.

"ஏஞ் சாமி, மூஞ்சி இப்பிடி வீங்கிக் கெடக்குது? உங்கம்மா அடிச்சுப்போட்டாளா?"

"இல்லீங்க ஆத்தா. நாளைக்குச் சிமிழ்ச் சாமியத் தூக்கீட்டுப் போயிருவாங்களாமுங்க. செவப்பு அரக்கு வெச்ச காயிதம் இருக்கோணுமாமா. அதைக் கரையான் தின்னுபோட்டுதுங்க."

மோர் பாதியில் நின்றது. "கரையானா? ஆருடி சொன்னது?"

"எங்கப்பாங்க."

ஆத்தா சொம்பைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கண்கள் ஒரு மாதிரி இருந்தன. "அது எங்க இருக்குதுன்னு உங்கப்பனுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? நீ போ சாமி. காலைல பாத்துக்கலாம்" என்றார்.

சட்டியில் பாதி மோரோடு வீட்டுக்கு ஓடினேன். இப்படி ஒரு நல்ல செய்தியை யாரும் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்திருக்க மாட்டார்கள் என்ற பெருமையில், வாசலிலேயே நின்று ஆத்தா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அப்பா எழுந்து வந்தார். கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதுவரை என்னை அடித்திராத அப்பா. அம்மா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோர் முழுவதும் மண்ணில் போயிற்று. எதற்கு அடி வாங்கினேன் என்றே தெரியாமல் அழுது தூங்கிப்போனேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் மேசை போட்டார்கள். தலைமையூரிலிருந்து ஏழு வண்டியில் ஆட்கள் வந்து, நாட்டாண்மை முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். பெரிய சாமியார் பூதக்கண்ணாடியை எடுத்துச் சிமிழின் முன்னும் பின்னும் பார்த்தார். நூல் அறுபடவில்லை, முத்திரை உடையவில்லை என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "பத்திரம்?" என்று கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். என் கன்னம் அப்போதும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

"கரையான் தின்னலீங்க சாமி. நான் பொய் சொன்னேன். பத்திரம் பெரிய ஊட்டுல இருக்குதுங்க."

அப்போதுதான் அந்தக் கதையை நானே முதல்முறை கேட்டேன். பிளேக் நாளில் பெரிய வீட்டுக் கடைசிப் பையனுக்குத் தொடையில் நெறிகட்டிக் காய்ச்சல் கண்டுவிட்டது. பண்ணையக்காரர் ஆள்விட்டு அப்பாருவைச் சாமியோடு வரச்சொன்னார். அப்பாரு சிமிழோடு கட்டுத்தரை வரைக்கும் போய்விட்டார். பையன் உள் அறையில் கிடக்கிறான். அப்பாரு உள்ளே போகக் கூடாது. சிமிழோ அவர் கையைவிட்டு இறங்கக் கூடாது. வெளியே ஒரு கட்டளை, உள்ளே ஒரு கட்டளை, நடுவில் சாகக் கிடக்கும் பிள்ளை. கடைசியில் அப்பாரு மடியிலிருந்த பத்திரத்தை எடுத்துச் சிமிழில் தொட்டு, வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நின்றார். ஆத்தா அதை எடுத்துப்போய்ப் பையன்மேல் வைத்தார். பையன் பிழைத்தான். காகிதம் திரும்பி வரவில்லை. எங்கள் யாருக்கும் கால் வைக்க அனுமதியில்லாத பூசை அறையில் அது சாமியாகிவிட்டது.

"போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கலாமே?" என்றார் பெரிய சாமியார்.

"கேக்கறதுக்கு எங்களுக்கு வாயில்லீங்க சாமி" என்றார் அப்பா.

நாட்டாண்மை விசிறியை மடக்கிக்கொண்டு எழுந்தார். "பாத்துக்கங்க சாமி. மொதல்ல கரையான். இப்பப் பண்ணையக்காரரு. இன்னொரு தடவ கேட்டீங்கன்னா காவேரி அடிச்சுட்டுப் போயிருச்சும்பாங்க!" ஏழு வண்டி ஆட்களும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான சிரிப்பை நான் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தப்பட்டைச் சத்தம் கேட்டது.

முதலில் தூரத்தில். அப்புறம் வாய்க்கால் மேட்டில். அப்புறம் எங்கள் தெருவிலேயே. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு ஓடினேன். முன்னால் நான்கு பேர் தப்பட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் கொம்பில் மஞ்சள் துணி சுற்றிய பெரிய வீட்டு ஜோடி, சவாரி வண்டி. வண்டிக்குப் பக்கத்தில் மீசையும் தலைப்பாகையுமாக ஆத்தாவின் மகன் சின்னப் பண்ணையக்காரர் நடந்து வந்தார். வண்டியிலிருந்து ஆத்தா இறங்கினார். பட்டுச் சேலை. கையில் தாம்பாளம், அதில் செவ்வந்திப் பூ, பூவின்மேல் மடித்த காகிதம். அந்த வீட்டுப் பெண் ஒருவர் எங்கள் தெரு மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

கோயில் வாசல் வரைக்கும் வந்த ஆத்தா அங்கே நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, கோயில்பிள்ளையான என் அப்பாவைப் பார்த்து, "நாங்க உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார்.

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும் என்று யார் நினைத்தார்கள்? அப்பாவுக்கு உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று நான்தான் கத்தினேன்: "வாங்க ஆத்தா!"

பெரிய சாமியார் காகிதத்தைப் பிரித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பூசிய மஞ்சளும் குங்குமமும் சந்தனமுமாக அது பொங்கல் பானை நிறத்தில் இருந்தது. கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க அடியிலிருந்து சிவப்பு அரக்கு வந்தது. சிமிழைத் திருப்பிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே முத்திரை. அதே கிரீடம், அதே சாவி. மேசை ஓரத்தில் மூக்கை வைத்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

பிறகு எழுத்தைப் படித்தார். லத்தீன் போலும், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். மறுபடியும் படித்தார். பூதக்கண்ணாடியை எடுத்துச் சிமிழுக்குள் இருந்த பழுத்த காகிதத்தைப் பார்த்தார். எங்கள் கூட்டத்தை ஏறிட்டுப் பார்த்தார். கடைசியில் சின்னப் பண்ணையக்காரரிடம், "அந்தக் குழந்தை நீர்தானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சாமி. இந்தா பாருங்க!" என்று அந்த மனிதர் சற்றும் யோசிக்காமல் வேட்டியை ஒரு பக்கம் தூக்கித் தொடையில் இருந்த தழும்பை விரலால் காட்டினார். கோயிலென்றும் பாராமல் இப்படிச் செய்கிறாரே என்று பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெரிய சாமியார் சிரிக்கவில்லை. அந்தத் தழும்பையே பார்த்தபடி சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு எழுந்து உரத்த குரலில் சொன்னார்: "இந்தப் பத்திரம் மெய். இந்த முத்திரை மெய். சிமிழுக்குள் இருப்பது கோழியின் எலும்பு அன்று. பிளேக்கில் விழுந்தவர்களைத் தொட்டுத் தூக்கிப் பணிவிடை செய்த ஓர் அர்ச்சியசிஷ்டரின் எலும்பு. அவர் இந்த ஊரைக் காப்பாற்றினார் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நானும் நம்புகிறேன்."

அதற்குமேல் அவர் பேசியது யார் காதிலும் விழவில்லை. எங்கள் ஆட்கள் கத்தினார்கள், அழுதார்கள். யாரோ போய் மணியை அடித்தார்கள், கயிறு அறுந்துவிட்டது. வெளியே தப்பட்டைக்காரர்கள் காரணம் தெரியாமலேயே இரண்டு மடங்கு வேகமாக அடித்தார்கள். சிமிழை முதலில் உதடு பதித்து முத்தி செய்யும் மரியாதையைப் பெரிய சாமியார் நாட்டாண்மைக்குக் கொடுத்தார். அவர் கஷாயம் குடிப்பவரைப் போலக் குனிந்து முத்தி செய்தார். ஏழு வண்டியும் திரும்பிப் போகும்போது எங்கள் தெருப் பிள்ளைகள் வாய்க்கால் மேடு வரைக்கும் பின்னாலேயே ஓடிக் கொக்கரக்கோ என்று கூவினோம். எல்லோரையும்விட உரக்கக் கூவியது நான்தான். கள்ளிப் புதரில் கிடந்த துணுக்கு யாருக்குத் தெரியும்?

காகிதம் இனி சிமிழோடுதான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஆத்தா காலித் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் வெள்ளிக்கெழமை என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு அப்போது குரல் திரும்பியிருந்தது. "இங்க வந்து கும்பிட்டுக்கோங்க ஆத்தா, தொறந்து வெக்கறேன்" என்றார். வந்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல், கண் தெரியாமல் போகும்வரைக்கும் வந்தார். மோரை மட்டும் கடைசிவரை உயரத்திலிருந்துதான் ஊற்றினார்.

அன்று ராத்திரிச் சோறு உண்ணும்போது அப்பா என் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். இரண்டு மாதமாகப் பயத்தில் அவர் பொத்தி வைத்திருந்ததை நான் வாசலில் நின்று ஊருக்குக் கேட்கக் கத்தினேன் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது.

அடுத்த தை நோம்பிக்கு முன்னால் பெரிய சாமியாரிடமிருந்து வைக்கோல் பொதிந்த ஒரு பெட்டி வந்தது. எங்கள் வெற்றிக்குப் பரிசு. உள்ளே ஒரு சுரூபம். கையில் தடி வைத்திருந்த ஓர் ஆள் அங்கியை ஒரு பக்கம் தூக்கித் தொடையில் இருந்த புண்ணை விரலால் காட்டிக்கொண்டு நின்றார். காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். பெட்டியைச் சுற்றி நின்ற ஊர் முழுக்க ஒரே குரலில், "அட, நம்ம சின்னப் பண்ணையக்காரரு!" என்றது. அவர் வேட்டியைத் தூக்கிக் காட்டியதை மேற்றிராணியாரிடம் சொல்லிச் சிலை செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவானது. சின்னப் பண்ணையக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கோ நாயைத்தான் பிடித்திருந்தது. கோயிலில் செபஸ்தியார் சுரூபத்துக்கு இடப்பக்கம் வைத்தோம். நாய்க்காரச் சாமி என்று பெயரிட்டோம்.

பதினாறு வயதில் சேலத்தில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே கன்னியர் மடத்துச் சுவரில் அதே ஆள், அதே தொடை, அதே நாய். கீழே பெயர் எழுதியிருந்தது. அர்ச்சியசிஷ்ட ரோக்கு. தமிழில் ஆரோக்கியநாதர் என்பார்களாம். பிளேக் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் பணிவிடை செய்து, தானும் அதே நோயில் விழுந்து, யாரும் அண்டாமல் காட்டில் கிடந்தபோது ஒரு நாய் ரொட்டி கொண்டுவந்து காப்பாற்றியவர். நான் அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். செபஸ்தியார் அம்பு வாங்கிச் செத்த போர்ச்சேவகர். அவர் எந்தப் பிளேக்கில் யாரைத் தொட்டுத் தூக்கினார்? கோயில் நிறைய அத்தனை பேர் இருந்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இந்த விஷயத்தை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நோம்பிக்கு இன்றும் செபஸ்தியார் பாட்டுத்தான் பாடுகிறோம். நானும் உரக்கப் பாடுவேன். பாடிவிட்டு இடப்பக்கம் போய் நாய் காலடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பேன். அன்று பெரிய சாமியார் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மெய். பெயரை மட்டும் அவர் சொல்லவே இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் நாங்களும் கேட்கவே இல்லை.